நிறுத்தச் சொன்னாலும் நிற்காமல் இறுகும் கொள்கலன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் சிறிய அலுவலகங்கள், பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், தனியார் கல்வி நிலையங்கள் பலவற்றில் ஒரேயொரு கணினியே சேவையகமாக இருந்து எல்லா வேலையையும் சுமக்கிறது. அதனுள்ளே தனித்தனிக் கணினிகள்போல மூன்று நான்கு லினக்ஸ் கொள்கலன்கள் ஓடும். ஒன்றில் கணக்கு, இன்னொன்றில் பதிவேடு, மற்றொன்றில் கோப்புப் பகிர்வு. மின்சாரம் போனதும் யூபிஎஸ் தருகின்ற சில நிமிடங்களுக்குள் இவை அனைத்தும் ஒழுங்காக மூடப்பட வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கொள்கலன் நிற்காமல் இறுகிவிட்டால், அதற்காகக் காத்திருந்தே பற்றரி தீர்ந்து, மற்றவையும் பாதியில் அறுந்துபோகும். இத்தகைய சேவையகங்களைப் பராமரிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது.

எந்த வகைக் கொள்கலன்களைப் பற்றி இந்தப் பக்கம் பேசுகிறது?

தனக்கென ஒரு தொடக்கச் செயன்முறையை வைத்துக்கொண்டு, முழு லினக்ஸ் பணிசெயல் முறைமையையும் உள்ளே ஓட்டுகின்ற கொள்கலன்களைப் பற்றி. எல்எக்ஸ்சி, எல்எக்ஸ்டி, அதிலிருந்து 2023இல் பிரிந்த இன்கஸ், தன் 4.0 பதிப்பிலிருந்து எல்எக்ஸ்சியைப் பயன்படுத்தும் பிராக்ஸ்மாக்ஸ், சிஸ்டம்டி-என்ஸ்பான் ஆகியவை இதில் அடங்கும். டொக்கர் பொதுவாக ஒரு செயலியை மட்டும் ஓட்டுவதற்கானது. அதன் நிறுத்தக் கட்டளை, ‘முடித்துக்கொள்’ என்று கேட்கும் சிக்டேர்ம் சமிக்ஞையை அனுப்பி, இயல்பாக 10 செக்கன் பொறுத்து, பின் கட்டாயமாகக் கொல்லும் சிக்கில் சமிக்ஞையை அனுப்பி முடித்துவிடும். ஆனால் பல லினக்ஸ் விநியோகங்களின் தொடக்கச் செயன்முறையான சிஸ்டம்டியை டொக்கருக்குள் ஓட்டுகிறவர்களுக்குச் சமிக்ஞை பற்றிய விடை பொருந்தும்.

நிறுத்தக் கட்டளை கொடுத்ததும் என்ன நடக்கிறது?

தாய் இயந்திரம், அதாவது கொள்கலன்களைச் சுமக்கும் சேவையகம், கொள்கலனுக்குள்ளே முதலாம் இலக்கத்தில் இருக்கும் தொடக்கச் செயன்முறைக்கு ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. அந்தச் செயன்முறை அதைப் புரிந்துகொண்டு, உள்ளே ஓடும் சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, கோப்புத் தொகுதிகளைக் கழற்றி, கடைசியில் ‘மின்னை நிறுத்து’ என்ற முறைமை அழைப்பைச் செய்கிறது. உண்மையான இயந்திரத்தில் அந்த அழைப்பு மின்னையே துண்டிக்கும். கொள்கலனுக்குள் அப்படி நடக்க விடமுடியாது. ஆகவே லினக்ஸ் 3.4 பதிப்பிலிருந்து, முறைமையின் மையப்பகுதியான கெர்னல் அந்த அழைப்பைப் பிடித்து, தொடக்கச் செயன்முறையை மட்டும் முடித்துவைக்கிறது. அது எந்தச் சமிக்ஞையால் முடிந்தது என்பதை வைத்தே, நிறுத்தம் கேட்கப்பட்டதா மறுதொடக்கம் கேட்கப்பட்டதா என்று வெளியே காத்திருக்கும் கண்காணிப்புச் செயன்முறை அறிந்துகொள்கிறது.

தொடக்கச் செயன்முறை இறந்ததும், அந்தக் கொள்கலனில் மிஞ்சியிருக்கும் எல்லாச் செயன்முறைகளுக்கும் கெர்னலே சிக்கில் அனுப்பி, அவை முற்றாக மறையும்வரை காத்திருக்கிறது. ஒன்று மறையாவிட்டாலும் கொள்கலன் முடிந்ததாகக் கணக்கில் வராது.

இறுகியிருப்பது எந்த இடத்தில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே சொன்ன ஓட்டத்தில் இறுகக்கூடிய முக்கியமான இடங்கள் மூன்று. சமிக்ஞை போய்ச் சேராமலோ புரிந்துகொள்ளப்படாமலோ இருக்கலாம்; சமிக்ஞை சேர்ந்தும் உள்ளேயுள்ள ஒரு சேவை நிற்காமல் இருக்கலாம்; எல்லாம் கொல்லப்பட்ட பிறகும் கெர்னலுக்குள் ஒரு செயன்முறை எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கலாம். இம்மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எது என்று பார்க்காமலே கட்டாய நிறுத்தத்தைப் பாவிப்பவர்களுக்கு அடுத்த மின்தடையிலும் அதே சிக்கல் வரும்.

பார்ப்பதற்கு இரண்டு கட்டளைகள் போதும். முதலில் ‘எல்எக்ஸ்சி-அட்டாச்’ அல்லது ‘இன்கஸ் எக்ஸெக்’ மூலம் உள்ளே நுழைந்து ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-ஜாப்ஸ்’ என்று கேளுங்கள். வேலைப் பட்டியல் வெறுமையாக இருந்து, சேவைகள் எல்லாம் வழமைபோல ஓடிக்கொண்டிருந்தால், சமிக்ஞை பயன் தரவில்லை என்று பொருள். பட்டியலில் ‘ஸ்டாப்’ வேலை ஒன்று ‘ரன்னிங்’ என்றிருந்தால் சேவையே காரணம். அதன் பெயரும் அங்கேயே இருக்கும். உள்ளே நுழையவே முடியாவிட்டால், தாய் இயந்திரத்தில் ‘பிஎஸ்’ கட்டளையால் செயன்முறைகளின் நிலையையும் அவை கெர்னலில் காத்திருக்கும் இடத்தையும் சேர்த்துப் பட்டியலிடுங்கள். நிலை நிரலில் ‘டி’ என்ற எழுத்து பல செக்கன்களுக்கு மாறாமல் நின்றால், அது மூன்றாம் வகை.

உள்ளே நுழைவது பற்றி ஒரு குறிப்பு. எல்எக்ஸ்சி-அட்டாச் கொள்கலனுக்குள் நேரடியாகச் செயன்முறை ஒன்றைத் தொடக்குவதால், பாதி மூடப்பட்ட கொள்கலனிலும் பெரும்பாலும் வேலை செய்யும். என்ஸ்பானில் ‘மெஷின்சிடிஎல் ஷெல்’, நிரல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு உள்ளேயுள்ள டி-பஸ் சேவையை நம்பியிருக்கிறது. அது ஏற்கெனவே நின்றிருந்தால் பயன்படாது. அங்கே ‘என்எஸ்என்டர்’ கட்டளையே கைகொடுக்கும்.

கட்டளை கொடுத்தும் கொள்கலன் எதையும் கேளாததுபோல ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் சமிக்ஞைப் பொருத்தமின்மை. எல்எக்ஸ்சி இயல்பாக அனுப்புவது சிக்பவர் சமிக்ஞை. மின்சாரம் தடைப்பட்டது என்று யூபிஎஸ் மென்பொருள்கள் தொடக்கச் செயன்முறைக்கு அறிவிப்பதற்கென்றே பழைய யுனிக்ஸ் முறைமைகளில் வைக்கப்பட்டது அது. சிஸ்டம்டி எதிர்பார்ப்பது வேறு: சிக்ஆர்டிமின்+3 வந்தால் முறைமையை நிறுத்தும், +4 வந்தால் மின்னணைக்கும், +5 வந்தால் மறுதொடக்கம் செய்யும். சிறிய முறைமைகளில் பயன்படும் பிஸிபொக்ஸின் தொடக்கச் செயன்முறைக்குச் சிக்யூஎஸ்ஆர்1, சிக்யூஎஸ்ஆர்2 ஆகியவை நிறுத்தத்துக்கும் மின்னணைப்புக்கும் உரியவை. அதற்குச் சிக்டேர்ம் அனுப்பினால் மறுதொடக்கம் ஆகிவிடும்.

அண்மைக்கால எல்எக்ஸ்சி, தொடக்கச் செயன்முறை சிக்ஆர்டிமின்+3ஐத் தடுத்து வைத்திருக்கிறதா என்று பார்த்து, அப்படியிருந்தால் அதுவே அனுப்ப வேண்டிய சமிக்ஞை என்று தானாகத் தீர்மானிக்கிறது. ஆனால் அமைப்புக் கோப்பில் ‘எல்எக்ஸ்சி.சிக்னல்.ஹால்ட்’ என்ற வரியை யாராவது எழுதிவைத்திருந்தால், இந்தத் தீர்மானம் நடைபெறாமல் எழுதியதே அனுப்பப்படும். பழைய கொள்கலன் ஒன்றைப் படியெடுத்து, உள்ளே வேறு விநியோகத்தை நிறுவிய இடங்களில் இந்த வரி மறக்கப்பட்டு இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வரியை நீக்கிவிடுவதே போதுமானது.

சிஸ்டம்டிக்குச் சிக்டேர்ம் அனுப்புவதால் பயன் இல்லை. முதலாம் இலக்கத்தில் இருக்கும் சிஸ்டம்டி அதைப் பெற்றால் தன் நிலையைச் சேமித்து, தன்னையே மீள ஓட்டிக்கொண்டு, பழையபடி தொடரும். டொக்கருக்குள் சிஸ்டம்டி ஓட்டுபவர்கள் நிறுத்தச் சமிக்ஞையைச் சிக்ஆர்டிமின்+3 என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டியது இதனாலேயே.

இன்னொரு காரணத்தையும் பாருங்கள். தாய் இயந்திரத்தைப் புதிய விநியோகத்துக்கு உயர்த்தியதும் அது, செயன்முறைகளைக் குழுக்களாக்கி வளங்களைப் பங்கிடும் கட்டுக்குழு (சிகுரூப்) முறையின் இரண்டாம் பதிப்புக்கு மட்டும் மாறிவிடும். சென்ட்ஓஎஸ் 7, உபுண்டு 16.04 போன்றவற்றின் பழைய சிஸ்டம்டி அங்கே தொடங்கமுடியாமல், தொடக்கத்திலேயே உறைந்துவிடும். பட்டியலில் கொள்கலன் ‘ரன்னிங்’ என்றுதான் தெரியும். உள்ளே எதுவும் ஓடாது, எந்தச் சமிக்ஞைக்கும் பதிலும் வராது. நிறுத்தும்போது வெளிப்பட்டாலும் இது தொடங்கும்போது நேர்ந்த கோளாறு. கொள்கலனின் முனையப் பதிவைத் திறந்தால் ‘ஃபிரீசிங் எக்ஸிகியூஷன்’ என்ற வரி இருக்கும்.

தொடக்கியவுடனே நிறுத்தினால் மட்டும் இறுகுகிறது. இது கோளாறா?

கொள்கலனின் முதலாம் செயன்முறை, தான் கையாள ஏற்பாடு செய்யாத சமிக்ஞைகளைப் பொருட்படுத்தாது. வெளியிலிருந்து வரும் சிக்கிலும் சிக்ஸ்டாப்பும் மட்டுமே விதிவிலக்கு. அது எழும்பி ஏற்பாடுகளைச் செய்வதற்கு முன்னர் நிறுத்தச் சமிக்ஞை வந்தால் அது வீணாகிவிடும். சில செக்கன் பொறுத்து மீண்டும் அனுப்புங்கள். மின்சாரம் வந்து உடனே மறுபடி போகும் வேளைகளில் இது உண்மையாகவே நேரும் என்பதால், மின்சாரம் திரும்பிய பிறகு ஓரிரு நிமிடம் தாமதித்தே கொள்கலன்கள் தொடங்குமாறு அமைப்பது நல்லது.

‘எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்’ என்று 90 செக்கன் எண்ணிக்கொண்டு நிற்கிறது. நேரத்தைக் குறைத்துவிடலாமா?

அந்த 90 செக்கன், ஒரு சேவை நிற்பதற்குச் சிஸ்டம்டி இயல்பாகத் தரும் அவகாசம். அதற்குள் நிற்காவிட்டால் சிக்கில் அனுப்பும். எல்லாச் சேவைக்கும் பொதுவாக அதைப் பத்து செக்கனாகக் குறைத்துவிடும்படி பலர் ஆலோசனை சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். தரவுத்தளத்துக்கும் அச்சுச் சேவைக்கும் ஒரே அவகாசம் கொடுப்பது சரியல்ல. எந்தச் சேவை இழுக்கிறதோ அதன் அலகுக்கு (சேவையை விவரிக்கும் அமைப்புக் கோப்புக்கு) மட்டும் மேலெழுத்துக் கோப்பு ஒன்றில் ‘டைம்அவுட்ஸ்டாப்செக்’ மதிப்பை மாற்றுங்கள். பயனர் அமர்வு இழுத்தால், யாரோ உள்ளே முனைய அமர்வு ஒன்றைத் திறந்தபடி விட்டிருப்பார்கள். அங்கே பத்து செக்கன் தாராளம்.

கொள்கலனுக்குள் டொக்கர் ஓடினால், வெளிக்கொள்கலனுக்குக் கூடுதல் அவகாசம் கொடுங்கள். உள்ளிருப்பவை ஒவ்வொன்றும் நிற்கும்வரை டொக்கர் சேவை காத்திருக்கும்.

தரவுத்தளம் உள்ள கொள்கலன்தான் எப்போதும் தாமதிக்கிறது. ஏன்?

தாமதிப்பதற்கு அதற்கு நியாயமான காரணம் உண்டு. மரியாடிபி தரவுத்தளத்தின் இன்னோடிபி சேமிப்பு இயந்திரம், மாற்றப்பட்டும் வன்தட்டுக்கு இன்னும் எழுதப்படாத பக்கங்களை நினைவகத்தில் வைத்திருக்கிறது. நிறுத்தும்போது அவற்றையெல்லாம் எழுதி முடிக்க வேண்டும். சுழலும் பழைய வன்தட்டு உள்ள இயந்திரத்தில், காலபோக நெல் கொள்வனவுக் காலத்தில் நாள் முழுவதும் பற்றுச்சீட்டுப் பதிந்த ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தரவுத்தளம், மாலையில் நிற்பதற்குச் சில நிமிடங்கள் எடுப்பது இயல்பு. இதை அறிந்தே மரியாடிபியின் சேவை அலகு நிறுத்த அவகாசத்தை 900 செக்கன் என்று வைத்திருக்கிறது. அவகாசம் கடந்தாலும் சிக்கில் அனுப்பவேண்டாம் என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். உள்ளே தரவுத்தளத்துக்கு 900 செக்கன். வெளியே எல்எக்ஸ்சி-ஸ்டாப் இயல்பாக 60 செக்கன் மட்டும் பொறுத்து, பிறகு கொன்றுவிடும். தாய் இயந்திரம் மூடப்படும்போது எல்எக்ஸ்டியும் இன்கஸும் ஒவ்வொரு கொள்கலனுக்கும் இயல்பாக 30 செக்கனே கொடுக்கும், ‘பூட்.ஹோஸ்ட்_ஷட்டவுன்_டைம்அவுட்’ என்பது அந்த அமைப்பின் பெயர். உள்ளே கேட்கும் நேரத்துக்கும் வெளியே கொடுக்கும் நேரத்துக்கும் தொடர்பே இல்லை. ‘இறுகியது’ என்று எனக்கு அனுப்பப்படும் முறைப்பாடுகளில் கணிசமானவை, உண்மையில் எழுதிக்கொண்டிருந்த தரவுத்தளம் பாதியில் கொல்லப்பட்டவை.

செய்யக்கூடியது எளிது. நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாக, ‘இன்னோடிபி_மேக்ஸ்_டேர்ட்டி_பேஜஸ்_பிசிடி’ மதிப்பைச் சுழியத்துக்கு மாற்றினால், தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கங்களை எழுதத் தொடங்கிவிடும். பிறகு நிறுத்தம் விரைவாக முடியும். யூபிஎஸ் பற்றரிக்கு மாறிய கணத்திலேயே இதைச் செய்யும் சிறு எழுத்துநிரல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் சிக்கல் வேறு. அதற்குச் சிக்டேர்ம் என்றால், இணைந்திருக்கும் வாடிக்கையாளர் எல்லாரும் தாமாக விலகும்வரை காத்திரு என்று பொருள்; சிக்இன்ட் என்றால் இணைப்புகளைத் துண்டித்து ஒழுங்காக மூடு என்று பொருள். விநியோகத்தோடு வரும் பொதிகள் இதைச் சரியாகவே கையாள்கின்றன. மென்பொருள் விற்றவர் கையால் எழுதிக்கொடுத்த சேவை அலகில் கொல்லும் சமிக்ஞை குறிப்பிடப்படாமல் இருந்தால், இயல்பான சிக்டேர்ம் போகும். கணக்காளரின் திரையில் மென்பொருள் திறந்தபடி இருக்கும்வரை தரவுத்தளம் நிற்காது. அலகில் ‘கில்சிக்னல்’ மதிப்பைச் சிக்இன்ட் என்று எழுதுங்கள்.

சோதித்துப் பார்க்கும்போது ஒழுங்காக நிற்கிறது. உண்மையில் மின்சாரம் போனால் மட்டும் இறுகுகிறது. எப்படி?

வன்னியில் இந்தக் கேள்விதான் மற்ற எதையும்விட அதிகமாக வருகிறது. விடை பெரும்பாலும் கணினிக்குள் இல்லை; மேசைக்குக் கீழே இருக்கிறது. சேவையகம் யூபிஎஸ்ஸில் செருகப்பட்டிருக்கும். வலையமைப்புச் சுவிட்சும் கோப்புக் களஞ்சியப் பெட்டியும் பக்கத்துச் சுவர் இணைப்பில் இருக்கும். மின்சாரம் போனதும் களஞ்சியம் அந்தக் கணமே அணைந்துவிடும். கொள்கலனோ அதிலுள்ள அடைவை, வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் மூலம் ஏற்றி வைத்திருக்கிறது. நிறுத்தும்போது அந்த அடைவுக்கு எழுத வேண்டியவற்றை எழுதிக் கழற்றப் பார்க்கும், மறுமுனையில் யாருமில்லை. என்எஃப்எஸ்ஸின் இயல்பான ‘ஹார்ட்’ ஏற்றம், மறுமுனை திரும்பி வரும்வரை எவ்வளவு நேரமானாலும் மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டே இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. பகலில் நீங்கள் சோதிக்கும்போது களஞ்சியம் ஓடிக்கொண்டிருப்பதால் எல்லாம் சரியாக நடக்கும்.

இதை உறுதிசெய்யத் தாய் இயந்திரத்தின் கெர்னல் பதிவைத் திறந்து பாருங்கள். ‘நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்’ என்ற வரி, மின்சாரம் போன நேரத்துக்குச் சற்றுப் பின்னர் பதிவாகியிருக்கும். பிஎஸ் பட்டியலில் இறுகிய செயன்முறை டி நிலையில் இருக்கும். அது காத்திருக்கும் இடத்தின் பெயர் ‘ஆர்பிசி_வெயிட்’ என்று தொடங்கும்.

முதல் தீர்வு, சுவிட்சையும் களஞ்சியத்தையும் அதே யூபிஎஸ்ஸுக்கு மாற்றுவது. சுவிட்ச் எடுக்கும் மின் மிகக் குறைவு. களஞ்சியத்தின் சுமையைக் கூட்டிப் பார்த்துப் பற்றரி போதுமா என்று கணக்கிட வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால், களஞ்சிய ஏற்றத்தைத் தேவைப்படும்போது மட்டும் ஏறி, சிறிது நேரம் பயன்படாவிட்டால் தானாக இறங்கும் வகையில் சிஸ்டம்டியின் தானேற்ற முறைக்கு மாற்றுங்கள். அப்போது மின்சாரம் போகும் கணத்தில் ஏற்றம் இருப்பதற்கான வாய்ப்பே குறையும். ஏற்ற வரியில் ‘_நெட்டெவ்’ குறிப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது வலையமைப்பை நம்பிய ஏற்றம் என்று அதிலிருந்தே சிஸ்டம்டி அறிந்து, வலையமைப்பு மூடப்படும் முன்னரே கழற்றும்.

‘சொஃப்ட்’ ஏற்றமாக மாற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்கிறார்களே?

இறுக்கம் தீரும், தரவு கெடக்கூடும். சொஃப்ட் ஏற்றம் குறித்த முயற்சிகளுக்குப் பின் பிழை என்று திரும்பிவிடும். எழுதும் செயலிகள் பல அந்தப் பிழையைச் சரிவரப் பார்ப்பதில்லை. கோப்பு எழுதப்பட்டதாகவே நினைத்துத் தொடரும். வாசிப்பதற்கு மட்டும் ஏற்றிய அடைவு என்றால் சொஃப்ட் வைக்கலாம். கணக்குக் கோப்புகளும் மாணவர் புள்ளிகளும் எழுதப்படும் அடைவுக்கு ஒருபோதும் வைக்காதீர்கள்.

சிக்கில் அனுப்பியும் சாகாத செயன்முறையை என்ன செய்வது?

டி நிலை என்பது கெர்னலுக்குள் ஏதோ ஒரு வேலை முடியும்வரை குறுக்கிடமுடியாமல் காத்திருக்கும் நிலை. சிக்கில் நிலுவையில் இருக்கும்; காத்திருப்பு முடிந்தால்தான் அது பலிக்கும். 2008இல் வந்த 2.6.25 கெர்னலிலிருந்து, கொல்லும் சமிக்ஞைக்கு மட்டும் விழிக்கும் ஒருவகைக் காத்திருப்பு உண்டு. என்எஃப்எஸ் பல இடங்களில் அதைப் பயன்படுத்துகிறது. ஆகவே காத்திருக்கும் இடத்தின் பெயரில் ‘கில்லபிள்’ என்று இருந்தால் சிக்கில் வேலை செய்யும், ஒருமுறை முயலுங்கள். இல்லாவிட்டால் அது எதற்காகக் காத்திருக்கிறதோ அதைத்தான் தீர்க்க வேண்டும்.

எதற்காக என்பது ‘புரொக்’ அடைவில் அந்தச் செயன்முறையின் இலக்கத்துக்குக் கீழுள்ள ‘ஸ்டாக்’ கோப்பில் தெரியும். அதை மூலப் பயனராக (ரூட்) மட்டுமே வாசிக்கமுடியும். என்எஃப்எஸ் என்றால் களஞ்சியத்தை மீண்டும் இயக்குவதே மிகப் பாதுகாப்பான வழி. முடியாவிட்டால் ‘யூமவுண்ட்’ கட்டளையைக் கட்டாயத் தெரிவுடன் கொடுங்கள். நிலுவையிலுள்ள கோரிக்கைகள் பிழையோடு முறிக்கப்படும். அதே கட்டளையின் சோம்பல் (லேசி) தெரிவு ஏற்றத்தைப் பார்வையிலிருந்து எடுக்குமேயன்றி, ஏற்கெனவே காத்திருக்கும் செயன்முறையை எழுப்பாது. ஏற்றம் கொள்கலனுக்குள் செய்யப்பட்டதென்றால், என்எஸ்என்டர் மூலம் அதன் ஏற்றவெளிக்குள் நுழைந்தே இவற்றைச் செய்ய வேண்டும்.

கெர்னலுக்கு வெளியே ஒரு நிரலால் இயக்கப்படும் ஃபியூஸ் வகைக் கோப்புத் தொகுதி என்றால், ‘சிஸ்’ அடைவின் ஃபியூஸ் இணைப்புகள் பகுதியில் உரிய இலக்கத்தின் ‘அபோர்ட்’ கோப்பில் 1 என்று எழுதினால் காத்திருப்பு முறியும். கொள்கலனுக்குள் அதற்குரிய நினைவக அளவைக் காட்டும் எல்எக்ஸ்சிஎஃப்எஸ்ஸும் ஃபியூஸ் வகைதான். அந்தச் சேவை இறுகினால், உள்ளே நினைவக அளவை வாசிக்க முயலும் எல்லாமும் இறுகும். பல கொள்கலன்கள் ஒரே நேரத்தில் நின்றால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். வேறு எதுவும் பொருந்தாமல், பதிவில் வன்தட்டுப் பிழைகள் தெரிந்தால், கொள்கலனை விட்டுவிட்டு உடனே காப்புப்படி எடுங்கள்.

காப்புப்படி எடுக்கும்போது மின்சாரம் போனது. அதன்பின் கொள்கலன் எதற்கும் அசையவில்லை.

உறைந்த நிலையில் இருக்கலாம். சில காப்புப்படி முறைகள் கொள்கலனை உறையவைத்து, படியெடுத்து, பின் உருக்கும். நடுவில் அந்த நிரல் முறிந்தால் உருக்க யாருமில்லை. ‘எல்எக்ஸ்சி-இன்ஃபோ’ நிலையைச் சொல்லும், ‘எல்எக்ஸ்சி-அன்ஃபிரீஸ்’ உருக்கும். முதற்பதிப்புக் கட்டுக்குழுவில் உறைந்த செயன்முறை சிக்கிலுக்கும் சாகாது; இரண்டாம் பதிப்பில் சாகும்.

உள்ளே எல்லாம் போய்விட்டது. ஆனாலும் நிலை ‘ஸ்டாப்பிங்’ என்றே நிற்கிறது.

கண்காணிப்புச் செயன்முறையின் கீழ் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். நிறுத்திய பிறகு ஓடவேண்டியதாக அமைக்கப்பட்ட கொக்கி நிரல் ஏதாவது, வெளியூர்ச் சேவையகத்துக்குப் படியனுப்பக் காத்திருக்கலாம். மின்சாரம் போனதும் ரவுட்டரும் போய்விட்டது என்பதை அந்த நிரல் அறியாது. இத்தகைய வேலைகளை நிறுத்தப் பாதையில் வைக்கவே கூடாது.

கெர்னல் பதிவில் ‘அன்ரெஜிஸ்டர்_நெட்டிவைஸ்: வெயிட்டிங் ஃபார் லோ’ என்ற வரி பத்துச் செக்கனுக்கு ஒருமுறை வந்தால், வலையமைப்பு வெளியைக் கலைக்கமுடியாமல் கெர்னல் நிற்கிறது. இது பல பதிப்புகளில் பல காரணங்களால் திரும்பத் திரும்பத் தோன்றிய வழு. தாய் இயந்திரத்தை மறுதொடக்கம் செய்வதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழியில்லை. பின்னர் கெர்னலைப் புதுப்பியுங்கள்.

கட்டாயமாக நிறுத்தினால் தரவு போய்விடுமா?

பலர் இதை மின்சாரம் அறுந்துபோவதற்குச் சமம் என்று அஞ்சுகிறார்கள். சமமில்லை. கொள்கலனுக்கெனத் தனிக் கெர்னல் கிடையாது. கோப்புகளை எழுதுவது தாய் இயந்திரத்தின் கெர்னல். செயன்முறையைக் கொன்றால், அது ஏற்கெனவே எழுது என்று கெர்னலிடம் கொடுத்தவை பத்திரமாக இருந்து வன்தட்டுக்குப் போய்ச் சேரும். இழப்பது, செயலி தன் நினைவகத்திலேயே வைத்திருந்ததை மட்டும். மின்சாரம் அறுந்தால் இரண்டும் போகும். இன்னோடிபியும் போஸ்ட்கிரஸும் கொல்லப்பட்டாலும் அடுத்த தொடக்கத்தில் தம் பதிவேட்டிலிருந்து மீண்டுவிடும். பழைய மென்பொருள்களில் மைஐசாம் அட்டவணைகள் இருந்தால் அவை அப்படி மீளா, திருத்த வேண்டிவரும்.

ஆகவே பற்றரி தீர்ந்துகொண்டிருக்கையில், இறுகிய ஒரு கொள்கலனுக்காக முழு இயந்திரத்தையும் பணயம் வைக்காதீர்கள். அதைக் கட்டாயமாக நிறுத்தி, தாய் இயந்திரத்தில் ‘சிங்க்’ கொடுத்து, மூடுங்கள். எல்எக்ஸ்சி-ஸ்டாப் 60 செக்கனுக்குப் பிறகு தானாகவே கொல்லும். இன்கஸின் நிறுத்தக் கட்டளையும் பிராக்ஸ்மாக்ஸின் ‘பிசிடி ஷட்டவுன்’ கட்டளையும் கட்டாயத் தெரிவைக் குறிப்பிட்டால்தான் கொல்லும். தானியங்கு நிரல்களில் அதை எழுத மறந்தால், நிரல் பிழை சொல்லிவிட்டு நின்றுவிடும்.

யூபிஎஸ் நேரத்தோடு இந்த அவகாசங்களை எப்படிப் பொருத்துவது?

உள்ளிருந்து வெளியே போகப்போக அவகாசம் கூடவேண்டும். முதலில் அளவிடுங்கள்: வேலை மும்முரமான ஒரு நாளின் மாலையில் ஒவ்வொரு கொள்கலனும் நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தரவுத்தளம் 70 செக்கன் எடுத்தால் அதன் சேவைக்கு 120, கொள்கலனுக்கு 150, தாய் இயந்திரத்தின் மொத்த நிறுத்தத்துக்கு 240 என்று வைக்கலாம். செயலிக் கொள்கலன்கள் முதலிலும் தரவுத்தளம் கடைசியிலும் நிற்கவேண்டும், இன்கஸில் ‘பூட்.ஸ்டாப்.பிரையோரிட்டி’ மதிப்பு கூடியது முதலில் நிற்கும், பிராக்ஸ்மாக்ஸில் தொடக்க வரிசையின் தலைகீழ் வரிசையில் நிற்கும்.

பற்றரி குறைந்துவிட்டது என்ற அறிவிப்பு வரும்வரை காத்திருந்து மூடத் தொடங்குவதே, யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் மென்பொருளின் இயல்பு. புதிய பற்றரிக்கு அது சரி. ஈயப் பற்றரியின் ஆயுள், வெப்பநிலை சுமார் 10 பாகை கூடும்தோறும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது அத்துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. குளிரூட்டி இல்லாத அறையில் சித்திரை, வைகாசி வெயிலைக் கண்ட பற்றரி, குறைந்துவிட்டது என்று சொல்வதற்கும் அணைவதற்கும் இடையே நான்கு நிமிடம் தராது. நட்டின் ‘யூபிஎஸ்ஷெட்’ நிரல் மூலம், மின்சாரம் போய் இரண்டு நிமிடத்தில் வராவிட்டால் மூடத் தொடங்கு என்று எழுதுங்கள். ஐப்பசி இடிமழைக் காலத்தில் சில செக்கன் மட்டும் போய்வரும் மின்சாரத்துக்காகச் சேவையகம் மூடப்படாமலிருக்க அந்த இரண்டு நிமிடம் போதும்.

பிறகு, மழைக்காலம் தொடங்கும் முன்னர் ஒரு விடுமுறை நாளில், காப்புப்படி எடுத்துவைத்துவிட்டு, கட்டடத்தின் பிரதான ஆளியையே அணைத்துச் சோதியுங்கள். கணினியின் இணைப்பை மட்டும் பிடுங்கினால் சுவிட்சும் களஞ்சியமும் ரவுட்டரும் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் தேடும் கோளாறு வெளிவராது.

உதவி கேட்கும்போது எவற்றை அனுப்ப வேண்டும்?

இறுகியிருக்கும்போதே எடுத்தவை வேண்டும். மறுதொடக்கத்துக்குப் பின் எடுத்தவற்றால் அதிகம் பயனில்லை. பிஎஸ் பட்டியல், டி நிலையில் உள்ள செயன்முறைகளின் ஸ்டாக் கோப்புகள், கெர்னல் பதிவின் கடைசிப் பகுதி, கொள்கலனின் அமைப்புக் கோப்பு, அதன் முனையப் பதிவு ஆகிய ஐந்தையும் அனுப்புங்கள். ஒரு செயன்முறை 120 செக்கனுக்கு மேல் டி நிலையில் நின்றால், பெரும்பாலான விநியோகங்களில் கெர்னல் தானாகவே அதைப் பதிவில் எழுதும்; ஆகவே அவசரமில்லாதபோது இரண்டு நிமிடம் பொறுத்தே பதிவை எடுங்கள். கொள்கலனுக்குள் ‘வார்’ அடைவின் ‘லொக்’ பகுதியில் ‘ஜேர்னல்’ என்ற அடைவு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லாவிட்டால் இயல்பான அமைப்பில் சிஸ்டம்டியின் பதிவுகள் நினைவகத்தில் மட்டும் வைக்கப்பட்டு, கொள்கலன் நின்றதும் அழிந்துவிடும்; அடைவை உருவாக்கிப் பதிவுச் சேவையை மறுதொடக்கம் செய்தால் அவை வன்தட்டில் தங்கும்.